பேஸ்ட்டுக்கும் மவுத்வாஷுக்கும் ஏன் ஆகாது?

"இம்ப்ளாண்ட் பல்லில் சொத்தை விழாதே, பிறகு டாக்டர் எதற்கு மவுத்வாஷ் எழுதித் தந்தார்?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். இம்ப்ளாண்ட் என்பது தாடையெலும்பில் டைட்டானியத் திருகைப் பதித்து அதன்மேல் பொருத்தும் செயற்கைப் பல். அதில் சொத்தை விழாதுதான். ஆனால் சுற்றியுள்ள ஈறு வீங்கும். கவனிக்காமல் விட்டால் தாடையெலும்பே கரையும். இயற்கைப் பல்லில் ஈறின் கொல்லாஜன் நார்கள் வேருக்குள் ஊன்றி நிற்கின்றன. டைட்டானியத்தில் ஊன்ற இடமில்லாததால் அதை ஒட்டியும் சுற்றியும் ஓடுகின்றன, அவ்வளவே. கிருமி உள்ளே இறங்குவது சுலபம்.

டாக்டர் எழுதித் தருவது பெரும்பாலும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி. இதன் மூலக்கூறில் இரண்டு நேர் மின்னூட்டங்கள் உண்டு. பாக்டீரியாவின் மேற்சுவர் எதிர் மின்னூட்டம் கொண்டது. மருந்து அதில் போய் ஒட்டிக்கொண்டு சவ்வைக் குலைத்துவிடுகிறது. இதைவிட அழகான விஷயம், கன்னத்தின் உட்புறமும் பல்மேல் படியும் எச்சில் படலமும்கூட எதிர் மின்னூட்டம் கொண்டவை. அதனால் துப்பிய பிறகும் மருந்து அங்கேயே ஒட்டியிருந்து, சிறுகச் சிறுகக் கசிந்து, 12 மணி நேரம்வரை வேலை செய்கிறது. காலையும் இரவும் இரண்டு வேளை போதும் என்பது இதனால்தான். 0.2% கரைசல் என்றால் 10 மி.லி., ஒரு நிமிடம், 0.12% என்றால் 15 மி.லி., 30 வினாடி. கணக்குப் போட்டால் முன்னதில் 20 மி.கி., பின்னதில் 18 மி.கி. மருந்து. ஏறக்குறைய ஒன்றுதான்.

வில்லன் பேஸ்ட். அதில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் எதிர் மின்னூட்டம் கொண்டது. மருந்தைப் பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடும். பல் தேய்த்தபின் வாயை நன்றாகக் கொப்பளித்து, அரை மணி நேரமாவது கழித்தே மவுத்வாஷ். இரண்டு மணி நேரம் விட்டால் இன்னும் நல்லது. மருந்தைத் துப்பியதும் தண்ணீரால் அலசக் கூடாது. உடனே டீ, காபி குடித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். சில நாள் உப்புச் சுவை மங்கலாம், நிறுத்தினால் திரும்பிவிடும். டாக்டர் சொன்னாலொழிய இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம், கறையோடு, பல்லில் கெட்டியாகப் படியும் காரையும் கூடும்.

நல்லெண்ணெய் கொப்பளித்தால் போதும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள். எண்ணெய்க்கு இந்த ஒட்டும் குணம் கிடையாது. அதற்காக மவுத்வாஷும் சர்வரோக நிவாரணி அல்ல. தடித்துப்போன கிருமிப் படலத்துக்குள் அது ஊடுருவாது, ஈறு இடுக்கின் ஆழத்துக்கும் போய்ச் சேராது. படலத்தைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்: மென்மையான பிரஷ், கூடவே பல்லிடுக்கு பிரஷ். அதன் கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், வெறும் கம்பி டைட்டானியத்தைக் கீறும். இவ்வளவுக்கும் பிறகு ரத்தமோ சீழோ வந்தால் புட்டியை ஓரம் வைத்துவிட்டு, எக்ஸ்ரே எடுத்து எலும்பு இறங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.