மூடினால் அடங்குமா சத்தம்? கணினி கேபினெட்டின் காற்றுக் கணக்கு

சத்தமில்லாத கேபினெட் வேண்டும் என்று கடையில் கேட்டால், கனமான பெட்டி ஒன்றை எடுத்து வைப்பார்கள். முகப்பில் மூடிய கதவு இருக்கும். பக்கவாட்டுத் தகடுகளின் உட்புறம் கறுப்பு ஃபோம் ஒட்டியிருக்கும். விரலால் தட்டினால் 'டொக்' என்று அடங்கிய ஓசை வரும். அதற்குப் பக்கத்திலேயே முகப்பு முழுக்க ஓட்டையாக ஒரு வலைப் பெட்டி நிற்கும்; உள்ளே சுற்றும் ஃபேன் வெளியிலிருந்தே தெரியும். எது அமைதி என்று கேட்டால் எல்லோரும் முதல் பெட்டியைத்தான் காட்டுவார்கள். ஆனால் நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டு அரை மணி நேரம் கேம் ஓடவிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டாவதுதான் அமைதியாக இருக்கும். ஏன் என்று புரிந்துகொள்ளப் பள்ளிக்கூட இயற்பியலே போதும்.

கணினி இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. ரைசன் 7 7700எக்ஸ் என்ற ப்ராசசர் சில்லு முழு மூச்சில் ஓடினால் 142 வாட் வரை இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டுக்கு 200 வாட். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்தால் 400 வாட்டை நெருங்கிவிடும். வீட்டில் இருக்கும் 750 வாட் இஸ்திரிப் பெட்டியில் பாதிக்கு மேல், மேசைக்கு அடியில் மணிக்கணக்கில் ஓடுவதாக நினைத்துக்கொள்ளலாம்.

இந்த வெப்பம் காற்றில் ஏறித்தான் வெளியே போயாக வேண்டும். லிக்விட் கூலர் போட்டாலும் அதே கதைதான். தண்ணீர் வெப்பத்தைச் சில்லிலிருந்து ரேடியேட்டர் வரை கொண்டுபோகும், அங்கிருந்து காற்றுதான் தூக்க வேண்டும். ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.15 கிலோ. ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 1005 ஜூல் வேண்டும். இந்த இரண்டு எண்களை வைத்துப் போட்டுப் பார்த்தால், 400 வாட்டைச் சுமந்தும் காற்று 10 டிகிரி மட்டுமே சூடேற வேண்டுமானால், நொடிக்குச் சுமார் 35 லிட்டர் காற்று பெட்டிக்குள் நுழைந்து வெளியேற வேண்டும். ஃபேன் அட்டைகளில் அச்சிடும் சிஎஃப்எம் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி) கணக்கில் இது 74.

10 டிகிரி என்பது நானாக வைத்துக்கொண்ட வரம்பு, ஆனால் காரணத்தோடுதான். பெட்டிக்குள் இருக்கும் காற்று எத்தனை டிகிரி ஏறுகிறதோ, சில்லின் வெப்பநிலையும் கிட்டத்தட்ட அத்தனை டிகிரி ஏறும். மே மாதம் சென்னையில் ஏசி இல்லாத அறை 34 டிகிரி என்றால், பெட்டிக்குள் 44. கூலர் வேலை செய்தும் சில்லு அந்தக் காற்றைவிட 40 டிகிரி சூடாக இருந்தால் 84-ல் நிற்கும். ரைசன் 7000 வரிசையின் உச்சவரம்பு 95. பாஸ்தான், ஆனால் தாராளமாக இல்லை. வெளிநாட்டுச் சோதனைகள் பெரும்பாலும் 21 முதல் 25 டிகிரி அறையில் எடுக்கப்படுகின்றன. அந்த எண்களை நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, பத்து டிகிரியாவது கூட்டிக்கொள்ள வேண்டும். ஏற்றத்தை 10-லிருந்து 5 ஆக்கலாமே என்றால், காற்றை இரட்டிப்பாக்க வேண்டும். அதற்கு என்ன விலை என்பது அடுத்த கணக்கில் தெரியும்.

ஃபேனின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் தள்ளும் காற்றும் இரட்டிப்பாகும், அழுத்தம் நான்கு மடங்காகும், இழுக்கும் மின்சாரம் எட்டு மடங்காகும். சத்தம்? தோராயமாக 15 டெசிபெல் கூடும். 10 டெசிபெல் கூடினாலே காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகப் படும். 15 என்றால் ஏறக்குறைய மூன்று மடங்கு. வேகத்தைத் தொடாமல், அதே மாதிரி இன்னொரு ஃபேனைப் பக்கத்தில் வைத்தால் கூடுவது வெறும் 3 டெசிபெல். ஆக, அமைதி வேண்டுமானால் நிறைய ஃபேன், மெதுவான சுற்று. இதுவரை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மெதுவாகச் சுற்றும் ஃபேனுக்கு ஒரு பலவீனம் உண்டு என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். அதற்குத் தள்ளும் பலம் கிடையாது.

நாக்டுவாவின் என்எஃப்-ஏ12எக்ஸ்25 ஃபேனை எடுத்துக்கொள்வோம். 2018-ல் வந்தது, 120 மில்லிமீட்டர் ஃபேன்களில் இன்றும் பலர் அளவுகோலாக வைத்துக்கொள்வது. நிமிடத்துக்கு 2000 சுற்றில் அது கொடுக்கும் உச்ச அழுத்தம் 2.34 மில்லிமீட்டர் நீர், அதாவது சுமார் 23 பாஸ்கல். 1000 சுற்றுக்கு இறக்கினால் அழுத்தம் நான்கில் ஒரு பங்காகி 6 பாஸ்கலுக்கும் கீழே வந்துவிடும். அதுவும் காற்றே நகராமல் முட்டி நிற்கும்போது கிடைக்கும் அழுத்தம். காற்று ஓட ஆரம்பித்தால் இன்னும் குறையும்.

இப்போது கண்ணாடி முகப்புள்ள பெட்டிக்கு வருவோம். 2016-க்குப் பிறகு சந்தையை நிறைத்தவை இவை. கண்ணாடிக்கு இருபுறமும் ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில், 40 சென்டிமீட்டர் நீளத்தில் இடைவெளி விட்டிருப்பார்கள். இரண்டும் சேர்ந்து 120 சதுர சென்டிமீட்டர். பின்னால் நிற்கும் மூன்று 120 மில்லிமீட்டர் ஃபேன்களின் இறக்கைகள் வீசும் பரப்போ சுமார் 300. நமக்கு வேண்டிய 35 லிட்டரும் அந்த 120 வழியாகவே நுழைய வேண்டுமென்றால், காற்று நொடிக்கு 2.9 மீட்டர் வேகத்தில் பாய வேண்டும். நின்றிருக்கும் காற்றை அந்த வேகத்துக்குக் கொண்டுவருவதற்கே கிட்டத்தட்ட 5 பாஸ்கல் செலவாகும். நுழைந்ததும் செங்குத்தாக ஒரு திருப்பம், அப்புறம் தூசி ஃபில்டர் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். 1000 சுற்று ஃபேனின் பையில் அவ்வளவு இல்லை. வேகத்தை 1500-க்கு ஏற்றித்தான் ஆக வேண்டும், அதற்குத் தண்டனை ஏறக்குறைய 9 டெசிபெல்.

வலை முகப்பில் 20க்கு 42 சென்டிமீட்டர் பரப்பு, அதில் 55 சதவீதம் ஓட்டை என்று வைத்தால் 460 சதுர சென்டிமீட்டர் திறப்பு. காற்றின் வேகம் முக்கால் மீட்டர்தான். வேகம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கானதால் அதற்கான அழுத்தம் சுமார் பதினைந்தில் ஒரு பங்கு. 0.3 பாஸ்கலில் வேலை முடிகிறது.

வலை என்ற பேர் மட்டும் போதாது. 5 மில்லிமீட்டர் வட்ட ஓட்டைகளை 6 மில்லிமீட்டர் இடைவெளியில் தேன்கூடு வரிசையில் அடுக்கினால் 63 சதவீதம் திறப்பு கிடைக்கும். 3 மில்லிமீட்டர் ஓட்டைகளை 5 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்தால் 33 சதவீதம்தான். படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். கடையில் முகப்பைக் கழற்றித் தரச் சொல்லி, பின்னால் போன் டார்ச்சைப் பிடித்துப் பாருங்கள். எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். வலைக்கும் ஃபேன் இறக்கைக்கும் நடுவே ஓரிரண்டு சென்டிமீட்டர் இடம் இருந்தால் இன்னும் நல்லது. காற்று நுழையும் பக்கம் தடை நெருக்கமாக இருந்தால், அது கலைத்துவிட்ட காற்றை இறக்கை வெட்டி வெட்டிக் கூடுதல் இரைச்சல் கிளப்பும். வெளியேறும் பக்கத் தடை அந்த அளவுக்குத் தொந்தரவு தராது.

பெரிய ஃபேன் அமைதி என்பதும் பாதி உண்மைதான். ஒரே வடிவத்தில் 120-ஐ 140 ஆக்கினால், அதே காற்றுக்கு 63 சதவீத வேகம் போதும், சத்தம் 5 டெசிபெல் போலக் குறையும். ஆனால் அழுத்தமும் பாதியாகிவிடும். எனவே பெரிய ஃபேனின் லாபம் திறந்த முகப்பில்தான் முழுசாகக் கிடைக்கும். ஃப்ராக்டல் டிசைன் 2021-ல் கொண்டுவந்த டாரன்ட் இதைக் கடைசி வரை இழுத்துப் பார்த்த பெட்டி: முன்னால் இரண்டு 180 மில்லிமீட்டர் ஃபேன், முகப்பு முழுக்கத் திறப்பு, மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் மேலே. பெரிய பெட்டி, விலையும் பெரிசு. லியான் லி லான்கூல் 216 இரண்டு 160 மில்லிமீட்டர் ஃபேன்களோடு அதே வழியில் போகிறது, பர்ஸுக்கும் கொஞ்சம் இரக்கம் காட்டும்.

அப்படியானால் கதவும் ஃபோமும் போட்டவர்களுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும், அவர்களுடைய காலம் வேறு. 2005-ல் வந்த ஆன்டெக் பி180 இந்த வகைக்கு முன்னோடி. அமைதியான கணினிகளைப் பற்றியே எழுதிவந்த மைக் சின்னின் ஆலோசனையோடு உருவானது. முகப்பில் கதவு, மூன்று அடுக்குத் தகடு, ஹார்ட் டிஸ்க்குகளுக்கு அதிர்வு தாங்கும் ரப்பர், எஸ்எம்பிஎஸ்ஸுக்கென்று பெட்டியின் அடியில் தனி அறை. அன்றைக்குக் காதை அரித்தது ஹார்ட் டிஸ்க்கின் கீச்சொலியும் கரகரப்பும். அன்றைய உயர்ரக கிராபிக்ஸ் கார்டுகள் 100 வாட்டை ஒட்டித்தான் இழுத்தன. மூடிவைப்பது அப்போது சரியான விடை. அதன் பிறகு எஸ்எஸ்டி வந்து ஹார்ட் டிஸ்க்கை ஒதுக்கியது. கார்டுகளோ 450 வாட், 575 வாட் என்று ஏறிவிட்டன. நோய் மாறியும் சந்தையில் மருந்து மாறச் சில வருடம் பிடித்தது.

ஃபோமுக்கு இன்னொரு வரம்பும் உண்டு. ஒன்பது இறக்கையுள்ள ஃபேன் 1200 சுற்றில் எழுப்பும் அடிப்படை ஓசை 180 ஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் 1.9 மீட்டர். ஒலியை உறிஞ்சும் பொருளின் தடிமன், அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்கை நெருங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். ஒரு சென்டிமீட்டர் ஃபோம் அந்த 180 ஹெர்ட்ஸை ஒன்றும் செய்யாது. 4000 ஹெர்ட்ஸ் கீச்சொலியின் அலைநீளம் 8.6 சென்டிமீட்டர்தான், அதை ஓரளவு விழுங்கும். அதனால் உங்கள் கார்டிலிருந்து காயில் வைன் எனப்படும் மெல்லிய விசில் வருகிறது என்றால், கதவுள்ள பெட்டி உண்மையிலேயே உதவும். தனி கிராபிக்ஸ் கார்டே இல்லாத, 65 வாட் சில்லு மட்டும் உள்ள கணினிக்கும் அது தாராளமாகப் போதும். அங்கே வெளியேற்ற வெப்பமே அதிகம் இல்லை.

டெசிபெல் எண்ணைவிட, எந்த மாதிரி சத்தம் என்பது காதுக்கு முக்கியம். சீலிங் ஃபேன் ஓடும் அறையில் காற்றின் 'ஸ்ஸ்' ஓசை அதோடு கரைந்துவிடும், ரீங்காரம் கரையாது. ஒரே மாதிரியான இரண்டு ஃபேன்கள், ஒன்று 1200 சுற்று, மற்றது 1230. ஒன்பது இறக்கைக் கணக்கில் 180-ம் 184.5-ம். இரண்டும் மோதி நொடிக்கு நாலைந்து முறை 'வும் வும்' என்று ஏறி இறங்கும். ராத்திரி எழுத உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும். ஒன்றின் வேகத்தை வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளி வைத்தால் தீர்ந்துவிடும். ஜோடியாக விற்கும் சில ஃபேன்களை இதற்காகவே சற்று மாறுபட்ட வேகத்தில் சுற்றும்படி செய்து தருகிறார்கள்.

சூடான காற்று தானாக மேலே போகும், அதனால் மேல்பக்கம் கட்டாயம் ஃபேன் வேண்டும் என்பார்கள். 45 சென்டிமீட்டர் உயரப் பெட்டியில் 10 டிகிரி வித்தியாசம் தரும் உந்துதல் 0.17 பாஸ்கல்கூட வராது. மெதுவாகச் சுற்றும் ஃபேனே அதைப்போல முப்பது மடங்கு கொடுக்கும். முன்னால் மூன்று உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளியேற்ற என்பது பெரும்பாலோருக்குப் போதும். உள்ளே வரும் காற்று அதிகமாக இருந்தால் தகட்டு இடுக்குகளில் காற்று வெளிநோக்கிக் கசியும். தூசி, ஃபில்டரைத் தாண்டித்தான் வரவேண்டியிருக்கும். அந்த ஃபில்டரை, தெருவைப் பார்த்த ஜன்னல் உள்ள வீட்டில், மாதம் ஒருமுறையாவது தட்டி எடுக்க வேண்டும். தூசி அடைத்த வலையும் கண்ணாடி முகப்பும் ஃபேனுக்கு ஒன்றுதான்.

கிராபிக்ஸ் கார்டுக்குக் கீழே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்கத் தவறாதீர்கள். இன்றைய கார்டுகள் கீழிருந்து காற்றை இழுத்து, 200, 300 வாட் வெப்பத்தைப் பெட்டிக்குள்ளேயே கொட்டுகின்றன. எஸ்எம்பிஎஸ்ஸை மூடிய தகடு கார்டின் மூக்கில் இடிக்கிற மாதிரி இருந்தால், முகப்பு எவ்வளவு நன்றாக இருந்தும் கார்டின் ஃபேன்கள்தான் முதலில் அலறும். ஐந்து சென்டிமீட்டர் இருந்தால் நிம்மதி.

பெட்டியைப் பூட்டிய பிறகு, மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் ஒரு வேலை பாக்கி இருக்கும். பிரவுசரைத் திறந்தாலே சில்லின் வெப்பநிலை ஒரு நொடியில் 20 டிகிரி குதித்து இறங்கும். கேபினெட் ஃபேன்கள் அதைப் பார்த்து ஆடினால் நாள் முழுக்க ஏறி இறங்கும் உறுமல்தான். வேகம் மாறச் சில நொடி தாமதம் கொடுங்கள். 60 டிகிரி வரை 600 சுற்றிலேயே நிறுத்திவைத்து, அப்புறம் மெல்ல ஏறவிடுங்கள். முடிந்தால் சில்லைவிட கார்டின் வெப்பநிலையைப் பார்த்து ஏறும்படி வையுங்கள். முன் ஃபேன்களை மட்டும் முழுசாக நிறுத்த வேண்டாம். பல கார்டுகளின் ஃபேன்கள் 50 டிகிரிக்குக் கீழே தானாக நின்றுவிடும். முன்னாலிருந்து லேசாகக் காற்று வந்துகொண்டே இருந்தால், சும்மா இருக்கும் நேரமெல்லாம் அவை நின்றபடியே இருக்கும்.