ஆசிட் பட்ட கையில் சுண்ணாம்பு பூசாதீர்கள்

போன வாரம் திங்கட்கிழமை, முதல் பாடவேளை. வருகைப்பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து நின்று பதில் சொன்னான்; இடது கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். நீட்டச் சொல்லிப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே நான்கு விரல் அகலத்துக்குத் தோல் வெந்திருந்தது. அதன்மேல் வெற்றிலைச் சுண்ணாம்பு காய்ந்து ஏடு கட்டியிருந்தது.

சனிக்கிழமை வீட்டுப் பட்டறையில் ஆசிட் ஜாடி சாய்ந்துவிட்டதாம்.

"தண்ணில கழுவலையா தம்பி?"

"ஆசிட்ல தண்ணி ஊத்தவே கூடாதுன்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க. அமிலத்துக்குக் காரம்னும் சொன்னீங்க. அதான் பாட்டிகிட்டச் சுண்ணாம்பு வாங்கிப் போட்டேன்."

நான் அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்து இன்னும் ஒரு வருடம் முடியவில்லை. இப்படி நான் பார்க்கும் நான்காவது கை இது. முந்தைய மூன்றில் ஒருத்தி பற்பசை பூசியிருந்தாள், ஒருவன் சமையல் சோடா, இன்னொருவன் தேங்காய் எண்ணெய். இந்தப் பையன் நான் நடத்திய பாடத்தை அப்படியே செய்திருக்கிறான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கம் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெள்ளிக் கொலுசு வேலை வீட்டின் முன்னறையிலேயே நடக்கும். பற்றவைத்த வெள்ளியை வெளுப்பாக்க, அழுக்கெடுக்க, பழைய வெள்ளியைக் கரைக்க என்று ஏதாவது ஓர் ஆசிட் வீட்டில் இருக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு ஆசிட் பாடப்புத்தகத்தில் முதன்முதலாகப் பார்க்கும் பொருள் இல்லை. சில பிள்ளைகளின் விரல்களில் மஞ்சள் கறை இருக்கும். அது நைட்ரிக் அமிலம் பட்டது. கறுப்புக் கறை என்றால், வெள்ளி கரைந்த நைட்ரிக் அமிலம் பட்டு வெளிச்சத்தில் கறுத்தது. சோப்பு போட்டுத் தேய்த்தால் போகாது, தோல் உரிந்துதான் போகும். சக ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தக் கையைப் பார்த்து 'அழுக்கு' என்று பிள்ளையைத் திட்டாதீர்கள்.

சரி, பையன் செய்ததில் எது தவறு?

'ஆசிட்டில் தண்ணீர் ஊற்றாதே' என்பது ஆய்வக விதி. பாட்டிலில் இருக்கும் அடர் ஆசிட்டை நீர்க்கச் செய்யும்போது, தண்ணீரில்தான் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். நிறைய ஆசிட்டில் கொஞ்சம் தண்ணீர் விழுந்தால், கிளம்பும் சூட்டில் அந்தத் தண்ணீர் கொதித்து ஆசிட்டோடு முகத்தில் தெறிக்கும். கையில் பட்டால் கணக்கு தலைகீழ். அங்கே ஆசிட் கொஞ்சம், தண்ணீர் நிறைய. ஓடுகிற தண்ணீர் ஆசிட்டையும் அடித்துக்கொண்டு போகும், சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். ஈரத்துணியால் ஒற்றி எடுப்பதோ, ஒரு மக்குத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வதோ போதாது. தண்ணீர் ஓட வேண்டும்.

அடுத்தது நடுநிலையாக்கல். எனக்கு ஆற்றாமை தருவது இதுதான், கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். அமிலமும் (ஆசிட்) காரமும் (சுண்ணாம்பு ஒரு காரம்) சேர்ந்தால் உப்பும் நீரும் கிடைக்கும். நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் கூடவே வெப்பமும் வரும். வகுப்பில் முகவையில் கலந்து வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்த்தால் கதகதவென்று இருக்கும். கண்ணாடி அதைத் தாங்கும். ஏற்கெனவே வெந்த தோலுக்கு அது இன்னொரு சூடு.

அளவு என்று ஒன்றும் இருக்கிறது. ஆய்வகத்தில் நிறங்காட்டி போட்டு, பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் அந்த ஒரு சொட்டில் நிறுத்துகிறோம். அழுதுகொண்டிருக்கும் பிள்ளையின் கையில் எத்தனை ஆசிட் பட்டது, எத்தனை சுண்ணாம்பு வேண்டும் என்று யார் அளப்பது? கூடுதலாகப் போன சுண்ணாம்பு சும்மா இருக்காது, அதுவும் புண்ணாக்கும். ஆசிட்தான் அரிக்கும், காரம் சாது என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். வலுவான காரம் தோலின் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு பல ஆசிட்டுகளைவிட ஆழமாக இறங்கும். வெற்றிலைச் சுண்ணாம்பு கண்ணில் தெறித்துப் பார்வை கெட்ட குழந்தைகள் இந்த நாட்டில் உண்டு.

எல்லாவற்றையும் விடப் பெரிய இழப்பு நேரம். பாட்டியைத் தேடி, வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, சுண்ணாம்பைக் குழைத்துப் பூசுகிறவரை ஆசிட் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது.

ஆகவே ஆசிட் பட்டால் உடனே குழாய். குழாயில் தண்ணீர் வராவிட்டால் டிரம்மிலிருந்து மொண்டு விட்டுக்கொண்டே இருங்கள். குறைந்தது 20 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. எரிச்சல் குறைந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள். தண்ணீர் ஓடும்போதே ஆசிட் பட்ட சட்டையைக் கழற்றுங்கள்; தலை வழியாக உருவாதீர்கள், கத்தரித்து எடுங்கள். வளையல், மோதிரம், கைக்கயிறு எதுவும் இருக்கக் கூடாது. இப்போது பையன்கள் கட்டிக்கொள்ளும் கயிறு ஆசிட்டைக் குடித்து அப்படியே வைத்திருக்கும். அந்தக் கயிற்றை அறுக்கத் தயங்காதீர்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. கழுவிய பிறகு மஞ்சள், இங்க், எண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம். சுத்தமான துணியைத் தளர்வாகப் போர்த்தி ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அல்லது 108-ஐக் கூப்பிடுங்கள்.

கண்ணில் பட்டால் இமையை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு அதே 20 நிமிடம், மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் ஓடுமாறு. பிறகு கண் நன்றாகத் தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். தெரியாமல் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போகும்போது எரித்தது வரும்போதும் எரிக்கும். உப்புத் தண்ணீர் கொடுப்பதும் அதே தவறு.

காய்ந்த சுண்ணாம்புத் தூள் பட்டிருந்தால் மட்டும், முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு அப்புறம் தண்ணீர்.

பட்டறை வைத்திருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஆசிட் ஊற்றி வைக்காதீர்கள். எத்தனை முறை சொல்வது! கடையில் ஆசிட் வாங்கிவரப் பிள்ளையை அனுப்பாதீர்கள். 18 வயது ஆகாதவர்களுக்கு ஆசிட் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. கழிவறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போட்டுத் தேய்க்காதீர்கள். குளோரின் வரும், மூச்சு அடைக்கும். வீட்டுத் தொழிலில் பிள்ளை கைகொடுப்பது வயிற்றுப்பாட்டுக்காக என்பது எனக்குத் தெரியும். கண்ணி கோக்கட்டும், எடை போடட்டும். ஆசிட் இருக்கும் இடத்துக்கு மட்டும் வர வேண்டாம், தயவுசெய்து.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பல உயர்நிலைப் பள்ளிகளில் தனி ஆய்வகம் கிடையாது. வகுப்பறை மூலையில் ஒரு பீரோதான் ஆய்வகம். பீரோவைத் திறப்பதற்கு முன் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குழாய் தூரமாக இருந்தால் இரண்டு வாளி நிறைத்து மேசைக்குப் பக்கத்தில் வையுங்கள். பாடத்திட்டத்தை முடிக்கிற அவசரத்தில் நான் இதைச் செய்யவில்லை. 'அமிலம் பட்டால் என்ன செய்வாய்?' என்று அலகுத் தேர்வில் கேட்டிருந்தேன். 'காரம் சேர்த்து நடுநிலையாக்குவேன்' என்று எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண்ணும் போட்டிருக்கிறேன். அந்த விடைத்தாள்களைத் திரும்ப வாங்கித் திருத்தினேன். வகுப்பு முழுவதையும் குழாயடிக்குக் கூட்டிப்போய், ஒவ்வொருவரையும் கை நீட்டி 20 நிமிடம் எவ்வளவு நீளம் என்று நின்று பார்க்க வைத்தேன். ஐந்தாவது நிமிடத்திலேயே "போதும் மிஸ்" என்றார்கள்.

பையனின் அம்மா மறுநாள் வந்தார். "அவ்வளவு தண்ணிக்கு எங்கங்க டீச்சர் போறது? எங்க தெருவுக்குத் தண்ணி வந்து நாலு நாளாச்சுங்க" என்றார். நியாயமான கேள்வி. ஒரு டிரம்மை எப்போதும் நிறைத்துப் பட்டறை வாசலிலேயே வையுங்கள், துவைக்கவோ பாத்திரம் கழுவவோ அதில் கைவைக்காதீர்கள் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். நீல நிற டிரம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்களாம், நேற்று பையன் சொன்னான். அவன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றப் போய்வருகிறான். புண் ஆற இன்னும் மூன்று வாரமாவது ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.