தோசைக்கல்லும் லித்தியம் பேட்டரியும்

தென்காசியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “கால் டாக்ஸியாக ஓடிய எலெக்ட்ரிக் கார் ஒன்று விலைக்கு வருகிறது. மூன்றரை வயது, 1,52,000 கி.மீ. ‘பேட்டரி செத்திருக்கும், உன் தலையில் கட்டப் பார்க்கிறான்’ என்கிறார் மச்சான். கிட்டத்தட்ட அதே விலைக்கு இன்னொரு கார் இருக்கிறது. ஆறு வயது, 31,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவருடைய வண்டி, வீட்டு வாசலில் வெயிலில் நின்றது. எதை வாங்கலாம் சார்?”

மச்சான் போடுவது பெட்ரோல் கார் கணக்கு. பிஸ்டன், ரிங், வால்வு எல்லாம் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் தேய்கிறவை. அதனால் ஓடோமீட்டரைப் பார்த்து விலை பேசுவது அங்கே நியாயம். பேட்டரிக்கு அந்தக் கணக்கு பாதிதான் பொருந்தும்.

முதலில் ஒரு வகுத்தல். ஒரு முழு சார்ஜுக்கு நிஜச் சாலையில் 200 கி.மீ. ஓடும் கார் என்று வைத்துக்கொள்வோம். 1,52,000-ஐ 200-ஆல் வகுத்தால் 760. அவ்வளவுதான் அந்த டாக்ஸி பேட்டரி கண்ட முழுச் சுற்றுகள். பாதி பாதியாக ஏற்றியிருந்தாலும் இரண்டு பாதி சேர்ந்துதான் ஒரு சுற்று. நம்மூர் கார்களில் இன்று பரவலாக இருக்கும் இரும்பு பாஸ்பேட் செல்கள் 2,000 சுற்றுக்கு மேலும் தாங்கக்கூடியவை. ஆக, சுற்றுக் கணக்கில் அந்த டாக்ஸிக்கு இன்னும் நடு வயதுகூட ஆகவில்லை.

பிறகு எதனால்தான் பேட்டரி கிழடாகிறது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சங்கதி வருகிறது. பதினைந்து வருஷமாக இதைப் படிக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

செல்லின் அடிப்படை தெரிந்ததுதான். ஒரு பக்கம் கிராஃபைட், மறுபக்கம் ஏதோ ஓர் உலோகச் சேர்மம், நடுவே மின்பகுளிக் கரைசல். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் போய் உட்காரும். ஓட்டும்போது திரும்பி வரும். பள்ளிப் புத்தகம் இதோடு நிறுத்திவிடும்.

புத்தகம் சொல்லாத சிக்கல் இது: சார்ஜ் ஏறிய கிராஃபைட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கரைசல் உயிரோடு இருக்கவே முடியாது. எலெக்ட்ரானைத் தள்ளிவிடத் துடிக்கும் நிலையில் இருக்கிறது கிராஃபைட். கரைசலின் மூலக்கூறு தொட்ட மாத்திரத்தில் உடைந்து போகும். உடைவது தொடர்ந்து நடந்தால் எந்த லித்தியம் பேட்டரியும் ஒரு வாரம் தாண்டாது. ஆனால் உங்கள் போன் மூன்று வருஷம் ஓடுகிறதே?

புது இரும்புத் தோசைக்கல்லைப் பழக்கியவர்களுக்கு விடை பாதி தெரியும். எண்ணெய் தடவி, காயவைத்து, அரை வெங்காயத்தால் தேய்த்து, மறுபடி எண்ணெய். முதல் நாலைந்து தோசை பிய்ந்துதான் வரும். அந்தச் சேதாரத்தோடு சேர்ந்து, எண்ணெய் வெந்து இறுகி, கல்லின்மேல் கறுப்பாக ஒரு மெல்லிய தோல் படிகிறது. அதன்பிறகு மாவும் இரும்பும் நேரடியாகத் தொட்டுக்கொள்வதில்லை. தோசை வழுக்கிக்கொண்டு வரும்.

செல்லுக்குள்ளும் இதே கதை. முதல் சார்ஜில் கரைசல் உடைகிறது. உடைந்த துணுக்குகள் லித்தியத்தையும் பிடித்துக்கொண்டு கிராஃபைட்டின்மேல் படிகின்றன. லித்தியம் கார்பனேட், லித்தியம் ஃபுளோரைடு, இன்னும் சில கரிமச் சேர்மங்கள். தடிமன் சில பத்து நானோமீட்டர். நம் தலைமுடியின் குறுக்களவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்தத் தோல் லித்தியம் அயனியை உள்ளே விடும், எலெக்ட்ரானை வெளியே விடாது. எலெக்ட்ரான் கிடைக்காததால் கரைசல் உடைவது கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. 1979-இல் டெல் அவீவ் பல்கலைக்கழகத்தின் இமானுவேல் பெலெட் இப்படிப்பட்ட படலத்துக்கு ‘சாலிட் எலெக்ட்ரோலைட் இன்டர்ஃபேஸ்’ என்று பெயர் வைத்தார். நாம் தோல் என்றே சொல்வோம்.

தொழிற்சாலையில் இந்தத் தோலை வளர்ப்பதற்கென்றே முதல் சார்ஜை மிக மெதுவாக ஏற்றுவார்கள். ‘ஃபார்மேஷன்’ என்பார்கள். அதிலேயே செல்லில் உள்ள லித்தியத்தில் 5 முதல் 10 சதவீதம் போய்விடும். பிய்ந்த தோசைகள்!

எந்தக் கரைசலிலும் இப்படி நல்ல தோல் வளர்ந்துவிடாது. புரொப்பிலீன் கார்பனேட்டை ஊற்றினால் கிராஃபைட் ஏடு ஏடாக உரிந்து போகும். அதிலிருந்து ஒரே ஒரு மீத்தைல் தொகுதியைக் கழற்றிவிட்டால் எத்திலீன் கார்பனேட். அதை ஊற்றினால் அருமையான தோல். கனடாவில் ஜெஃப் டானும் அவருடைய சகாக்களும் 1990-இல் இதைக் காட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால் எத்திலீன் கார்பனேட் அறை வெப்பநிலையில் திடப்பொருள். சுமார் 36 டிகிரியில்தான் உருகும். கனடாவில் கற்கண்டு மாதிரி கிடக்கும் பாட்டில், சென்னைச் சித்திரையில் ஏ.சி. இல்லாத அறையில் தானாகவே உருகி நிற்கும். மற்ற கரைப்பான்களோடு கலந்துதான் பேட்டரியில் ஊற்றுகிறார்கள்.

இப்போது முதுமைக்கு வருவோம். தோல் ‘கிட்டத்தட்ட’ தடுக்கிறது என்றேன். முழுக்கத் தடுப்பதில்லை. கொஞ்சம் கசிவு இருக்கும். கார் ஓடினாலும் நின்றாலும் தோல் மெல்ல மெல்லத் தடித்துக்கொண்டே போகும், லித்தியத்தைத் தின்றுகொண்டே. ஆனால் தடிக்கத் தடிக்கக் கசிவும் குறையும். வளரும் வேகம் தடிமனுக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது. பிளஸ் டூ கணக்கு மறக்காதவர்கள் தொகையிட்டுப் பார்க்கலாம்: தடிமன் காலத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். முதல் ஆண்டில் 4% போயிருந்தால் 8% போக நான்கு ஆண்டு, 12% போக ஒன்பது ஆண்டு. புதுக் கார் வாங்கியவர்கள் முதல் வருஷ முடிவில், “இப்பவே நாலு போச்சு, பத்து வருஷத்தில் நாற்பது போயிடும்” என்று அலறுவதைப் பார்க்கிறேன். பெருக்கக் கூடாது ஐயா, வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.

ஓட்டுவதாலும் சேதம் உண்டு, மறுக்கவில்லை. லித்தியம் ஏறும்போது கிராஃபைட் சுமார் 10% உப்பும், இறங்கும்போது சுருங்கும். இந்த மூச்சில் தோல் அங்கங்கே விரியும், விரிசலில் புதுத் தோல் வளரும். குளிரில் வேக சார்ஜ் போட்டால் லித்தியம் உள்ளே போக நேரமில்லாமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். இந்த வகைச் சேதங்கள் கூடினால் வர்க்கமூல விதியும் உடைந்து, ஒரு கட்டத்துக்குமேல் கொள்ளளவு மடமடவென்று சரியும். ஆனாலும் நம்மூர்க் காருக்கு முதல் எதிரி வெப்பம்தான். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்ற பழைய விதி இந்தத் தோலையும் விடுவதில்லை. முழு சார்ஜில் வெயிலில் நிற்பது இரட்டைக் கேடு.

இதற்கு நல்ல சாட்சி அமெரிக்காவில் பாலைவன வெயில் கொளுத்தும் ஃபீனிக்ஸ் நகரம். நிசான் லீஃப் என்ற எலெக்ட்ரிக் கார் 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. பேட்டரிக்கு நீர்க் குளிரூட்டல் கிடையாது. டாஷ்போர்டில் கொள்ளளவைக் காட்ட 12 கட்டங்கள். முதல் கட்டம் அணைந்தால் சுமார் 15% போய்விட்டது என்று பொருள். 2012 கோடையிலேயே, கார் வாங்கி ஒன்றரை வருஷம்கூட ஆகாதவர்கள், கட்டம் அணைகிறது என்று புகார் சொன்னார்கள். அந்த பேட்டரியின் மறுபக்கத்தில் பெரும்பகுதி மாங்கனீசு ஆக்சைடு. சூட்டில் மாங்கனீசு கரைந்து, கிராஃபைட்டுக்கு நீந்திப் போய், தோலைக் கெடுக்கும். இதே கார் குளிர்ந்த ஊர்களில் இவ்வளவு வேகமாக இளைக்கவில்லை. பிறகு நிசான் வெப்பம் தாங்கும்படி செல்லின் வேதியியலையே மாற்றியது.

எதிர்ப்பக்கச் சாட்சியும் உண்டு. கலிபோர்னியாவில் டெஸ்லூப் என்றொரு நிறுவனம் லாஸ் ஏஞ்சலஸுக்கும் லாஸ் வேகஸுக்கும் இடையே டெஸ்லா மாடல் எஸ் காரை ஷட்டிலாக விட்டது. 2015-இல் வாங்கிய ஒரு கார் மூன்றே வருஷத்தில் 6 லட்சம் கி.மீ. தாண்டியது. இடையில் இரண்டு முறை பேட்டரி மாற்றினார்கள். ஆனால் முதல் பேட்டரி 3 லட்சம் கி.மீ. தாண்டியபோது குறைந்திருந்த கொள்ளளவு 6% அளவில்தான் என்று அந்த நிறுவனமே சொன்னது. தினமும் ஓடிய வண்டி; தோல் தடிக்கக் காலம் கிடைக்கவில்லை. வாகனத் தரவுகளை ஆராயும் ஜியோடேப் நிறுவனமும் 2020-இல் ஆயிரக்கணக்கான கார்களை அலசி, சராசரி இழப்பு ஆண்டுக்கு 2.3% என்றது. அதிகம் ஓடிய கார்கள் பெரிதாக மோசமாகிவிடவில்லை என்பதும் அதில் தெரிந்தது.

இரும்பு பாஸ்பேட் பற்றிச் சொன்னேன் அல்லவா? அது 1997-இல் டெக்சஸில் ஜான் குடினஃப்பின் ஆய்வகத்தில் அக்ஷய பாதி, நஞ்சுண்டசாமி என்ற இரண்டு இந்தியர்களின் கையில் உருவானது. அதற்கான அஸ்திவாரம் 1980-களில் போடப்பட்டது. மலிவான இரும்பை வைத்துக்கொண்டே, ஆக்சைடுக்குப் பதில் சல்ஃபேட் போன்ற தொகுதியைப் போட்டால் மின்னழுத்தம் கூடும் என்று காட்டியவர்கள் குடினஃப்பும் ஆறுமுகம் மந்திரமும். மந்திரம் தென்தமிழ்நாட்டில் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, ஐ.ஐ.டி. மெட்ராஸில் முனைவர் பட்டம் வாங்கியவர். 2019-இல் குடினஃப் தம் 97-ஆம் வயதில் நோபல் பெற்றபோது, ஸ்டாக்ஹோமில் அவருக்காக நோபல் உரையை நிகழ்த்தியவரும் இவரே.

காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகமே அங்கே வந்தது. ஒரு தனிமனிதர் அன்றைக்குக் காட்டிய தாராளம் அது. 2020-21 கணக்குப்படி நாடே ஆராய்ச்சிக்குச் செலவிட்டது உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். செல்லைப் பெரும்பாலும் சீனாவிலிருந்து வாங்கி, பெட்டியில் அடுக்கி, உள்நாட்டுத் தயாரிப்பு என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். எனக்கு வயிறு எரிகிறது.

மற்ற தேய்மானங்களைச் சட்டென்று முடித்துவிடலாம். மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் பேட் வருஷக்கணக்கில் வரும். ஆனால் பயன்படாத டிஸ்க் துருப்பிடிக்கும். எடையும் முறுக்குவிசையும் அதிகம் என்பதால் டயர் சீக்கிரம் போகும். டாக்ஸியில் சஸ்பென்ஷன் புஷ்களைக் கட்டாயம் பாருங்கள். கூலன்ட்டைக் காலத்துக்கு மாற்றினார்களா என்று பில் கேளுங்கள். அப்புறம் அந்தச் சின்ன 12 வோல்ட் பேட்டரி. போன தை மாதம் ஒரு கல்யாண மண்டப வாசலில் நண்பரின் கார் அசையவே இல்லை. பெரிய பேட்டரியில் 78% இருந்தது, ஆனால் அதன் சுவிட்சைப் போட வேண்டிய 12 வோல்ட் செத்திருந்தது. “புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்கினீங்களா?” என்று அக்கறையாக விசாரித்தார் ஒரு பெரியவர். நசுக்கியிருந்தார்கள், நான்கு சக்கரத்துக்கும். ஜம்ப் ஸ்டார்ட் கேபிள்தான் காப்பாற்றியது.

வாசகருக்கு: நானாக இருந்தால் டாக்ஸியைத்தான் முதலில் பார்ப்பேன். ஆனால் யார் வாய்ச்சொல்லையும் நம்பாமல் அளந்து பார்த்துவிடுங்கள். எங்கள் தெருவில் 1,30,000 கி.மீ. ஓடிய ஒரு டாக்ஸியை இப்படித்தான் அளந்தோம். புதிதில் 30.2 யூனிட் பேட்டரி. 20 சதவீதத்துக்கு இறங்கும்வரை ஓட்டிவிட்டு, வீட்டு சார்ஜரில் ஒரு தனி மீட்டர் வைத்து 100 சதவீதம்வரை ஏற்றினோம். மீட்டர் காட்டியது 24.4 யூனிட். சார்ஜரில் வெப்பமாகப் போவது பத்தில் ஒரு பங்கு என்று கழித்தால் உள்ளே போனது 22. இது 80 சதவீதம். அப்படியானால் முழுக் கொள்ளளவு 27.5. புதிதில் இருந்ததில் 91%. இரண்டு மூன்று சதவீதம் முன்பின் இருக்கலாம், வாங்க முடிவெடுக்க இது போதும்.

இரண்டு கார்களையும் 20 சதவீதத்துக்கு இறக்கிக் கொண்டுவரச் சொல்லுங்கள். மீட்டரை நீங்களே கொண்டு போங்கள், மச்சானையும் கூட்டிக்கொண்டு. இரவு முழுக்க உட்கார வேண்டியிருக்கும். சார்ஜ் போட்டுப் பார்க்க விடமாட்டேன் என்று எந்த விற்பவர் சொல்கிறாரோ, அந்தக் கார் வேண்டாம்.