முனைவர் பட்டம் முடித்தாச்சு, அடுத்து எங்கே விண்ணப்பிப்பது?

அழகப்பா பல்கலைக்கழகமும் மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியும் காரைக்குடியிலேயே இருப்பதால், செட்டிநாட்டில் பிஹெச்.டி. முடித்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிந்த கையோடு பலரும் என்னிடம் கேட்பது, "போஸ்ட் டாக் எங்கே கிடைக்கும்?" என்பதைத்தான். அதாவது, பிஹெச்.டி.க்குப் பிறகு குறிப்பிட்ட காலத்துக்குச் செய்யும் ஆய்வுப் பணி.

இதில் இரண்டு வழி உண்டு. முதலாவது, ஒரு பேராசிரியர் வாங்கிய ப்ராஜெக்டில் ரிசர்ச் அசோசியேட்டாகச் சேர்வது. பல்கலைக்கழக இணையதளத்தில் விளம்பரம் வரும், நேர்காணலில் எடுப்பார்கள். மத்திய அறிவியல் துறைகளின் ப்ராஜெக்ட் என்றால், 2023 ஜனவரி முதல் தகுதி, அனுபவத்தைப் பொறுத்து மாதம் 58,000, 61,000, 67,000 ரூபாய் என மூன்று படிகள். வீட்டு வாடகைப்படி தனி. ப்ராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடிந்தது. எனவே இன்னும் எத்தனை மாதம் பாக்கி என்று கேட்டுக்கொண்டு சேருங்கள்.

இரண்டாவது, உங்கள் பெயருக்கே வரும் உதவித்தொகை. தலைப்பும் உங்களுடையது. முடிந்தால் இதற்கே முயலுங்கள் என்பேன். அறிவியல், பொறியியல்காரர்களுக்குத் தேசிய போஸ்ட் டாக்டோரல் ஃபெலோஷிப் இருக்கிறது. முன்பு மத்திய அரசின் செர்ப் (அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம்) நடத்தியது, இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையிடம். காலம் 2 ஆண்டு, வயது வரம்பு 35. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகளுக்கு 5 ஆண்டு தளர்வு. ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டுப் பட்டத்துக்குக் காத்திருப்பவர்களும் போடலாம். பட்டம் வரும்வரை தொகை குறைவு. அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கழகமான சி.எஸ்.ஐ.ஆர். தரும் ரிசர்ச் அசோசியேட்ஷிப்பும் உண்டு. உயிரித் தொழில்நுட்பம் என்றால் அதற்கான மத்திய அரசுத் துறையான டி.பி.டி.யின் திட்டத்தையும் பாருங்கள். சமூக அறிவியலுக்கு இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்.) தருகிறது. 2022 செப்டம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அறிவித்த ராதாகிருஷ்ணன் ஃபெலோஷிப்பில் 900 இடம், மாதம் 50,000 ரூபாய். 30 சதவீதம் பெண்களுக்கு.

பெரும்பாலும் எல்லாம் தடுக்கி நிற்பது ஒரே இடத்தில்தான்: உங்களை ஏற்றுக்கொள்ள ஒரு நெறியாளர் வேண்டும், அவர் நிறுவனத்தின் சம்மதக் கடிதம் வேண்டும். கடைசி தேதிக்கு முந்தின வாரம் அலைந்தால் கிடைக்காது. மூன்று, நான்கு மாதம் முன்பே எழுதுங்கள்.

பள்ளத்தூர்ப் பெண் ஒருத்தி, பர்மாவில் வட்டிக்கடை நடத்திய குடும்பங்களின் பேரேடுகளை ஆராய நினைத்தாள். அவள் எழுதிய முதல் மின்னஞ்சல், "மதிப்பிற்குரிய ஐயா, தங்களிடம் வாய்ப்பு வேண்டுகிறேன்" என்று தொடங்கிப் பயோடேட்டாவோடு முடிந்தது. பன்னிரண்டு பேருக்கு அனுப்பினாள். ஒருவரும் பதில் போடவில்லை. உட்கார்ந்து மாற்றி எழுதினோம். அந்தப் பேராசிரியரின் எந்தக் கட்டுரையைப் படித்தாள், அதில் விடுபட்ட கேள்வி எது, வீட்டுப் பெட்டகத்தில் கிடக்கும் எந்தக் கணக்கு அதற்கு விடை சொல்லும் என்று எட்டு வரி. நான்காம் நாள் பதில் வந்தது.

இன்னொன்று, நம் ஊர்ப் பிள்ளைகள் அடிக்கடி ஏமாறுவது. பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழை வைத்துக்கொண்டு மத்திய அரசுத் தளர்வு கேட்க முடியாது. மத்திய அரசுப் படிவத்தில், வருமான வரம்புக்கு மேல் இல்லை என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், தாலுகா அலுவலகத்திலிருந்து வர நாளாகும். அறிவிப்புக்குக் காத்திராமல் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.