ஒரு குடம் கடல்

"கடல் என்ன காத தூரத்துலயா இருக்கு? ஒரு குடம் மொண்டு வந்து ஊத்தினா ஆச்சு. இதுக்குப் போய் காசு குடுத்து உப்பு வாங்குவாங்களாடா?"

திருவான்மியூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் கடல் தெரியும். கடல்மீன் தொட்டிக்காக நான் வாங்கி வந்த உப்பு வாளியின் விலையைக் கேட்டுவிட்டு அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. பதில் சொல்லத்தான் எனக்கு நேரம் பிடித்தது.

கரையோரத்துக் கடல் நீர் சுத்தமான கடல் நீர் அல்ல. கூவம் நேப்பியர் பாலத்தைத் தாண்டிக் கலக்கிறது. அடையாறு பட்டினப்பாக்கம் பக்கம் கலக்கிறது. இரண்டும் கொண்டுவரும் கழிவில் பாஸ்பேட் இருக்கிறது. அது தொட்டிக்குள் வந்தால் பாசிக்குக் கொண்டாட்டம். கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களும் குடத்தோடு வந்து, இருட்டில் செத்து அழுகும். போதாததற்கு, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடும். கோதாவரி, கிருஷ்ணா போன்ற ஆறுகள் கொட்டிய நன்னீரையும் சேர்த்து இழுத்து வரும். ஆகஸ்டில் மொண்ட குடமும் டிசம்பரில் மொண்ட குடமும் ஒரே உப்பில் இருக்காது.

"அப்போ கல்லுப்பைக் கரைச்சு ஊத்து" என்பது அம்மாவின் அடுத்த யோசனை. கேளம்பாக்கம், மரக்காணம் உப்பளங்களில் நடப்பதைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். பாத்தியில் கடல் நீர் வற்றும்போது எல்லா உப்பும் ஒன்றாகப் படிவதில்லை. சுண்ணாம்பும் ஜிப்சமும் முந்திக்கொள்ளும். பிறகுதான் சோடியம் குளோரைடு, அதாவது நம் சமையல் உப்பு. மெக்னீசியமெல்லாம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு வெளியே போய்விடும். கடலிலிருந்து வந்த கல்லுப்பைத் திரும்பக் கரைத்தால் கடல் வராததற்கு இதுதான் காரணம். 1 லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அதில் ஏறக்குறைய 400 மில்லிகிராம் கால்சியம், 1,300 மில்லிகிராம் மெக்னீசியம். தொட்டிக்கென்று விற்கும் உப்பு இந்தக் கணக்கைத் திருப்பிக் கொண்டுவருகிறது. என் 100 லிட்டர் தொட்டிக்கு மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் பிடித்தது.

அந்த உப்பைக் கரைக்க மெட்ரோ வாட்டர் ஆகாது, அதில் குளோரின். போர் தண்ணீர் ஆகவே ஆகாது. ஆர்.ஓ. தண்ணீர்தான் வேண்டும். அதையும், கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது, பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் கடல் நீரிலிருந்து உப்பைப் பிரித்து இந்த ஊருக்குக் குடிநீர் தரத் தொடங்கினார்கள். நான் அதில் மறுபடி உப்பைப் போடுகிறேன். அம்மா இதை வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

உப்பளவில் இவ்வளவு கறார் எதற்கு? கடல்மீனின் உடம்புக்குள் இருக்கும் உப்பு, வெளியே இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். ஊறுகாய் போட்ட மாங்காய் நீர் விடுவதுபோல, மீனின் உடம்பிலிருந்து நீர் எந்நேரமும் வெளியேறிக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட மீன் கடல் நீரையே குடிக்கிறது; கூடுதலாக உள்ளே போன உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளுகிறது. நன்னீர் மீனுக்கு இதற்கு நேர்மாறான பிரச்சினை: நீர் தானாகவே உள்ளே புகும், குடிக்கத் தேவையே இல்லை. தண்ணீருக்குள் இருந்தும் தாகத்தோடு வாழ்வது கடல்மீன்தான். உப்பு திடீரென ஏறி இறங்கினால் அதன் வேலை தாறுமாறாகிவிடும்.

தொட்டியில் உப்பு ஏறுவதற்குப் பெரிய விபத்தெல்லாம் வேண்டாம், மே மாதம் போதும். தினமும் 2 லிட்டர் ஆவியானால் ஐந்தே நாளில் 100 லிட்டர் 90 ஆகிவிடும். நீர்தான் போகும், உப்பு அங்கேயே நிற்கும்: லிட்டருக்கு 35 கிராம் இருந்தது கிட்டத்தட்ட 39 ஆகும். குறைந்ததை ஈடுகட்ட உப்புத் தண்ணீரையே ஊற்றுவதுதான் புதிதாக வைப்பவர்கள் எல்லோரும் செய்கிற தவறு. நானும் செய்தேன். ஊற்ற வேண்டியது வெறும் ஆர்.ஓ. தண்ணீர், அதையும் அன்றாடம்.

அக்னி நட்சத்திரத்தில் ஆவியாவதைத் தடுக்கவும் மனம் வராது, ஏனென்றால் தொட்டியைக் குளிர வைப்பதே அதுதான். மண்பானை செய்வது இதைத்தான். 1 லிட்டர் ஆவியாகும்போது, 100 லிட்டர் நீரை 5 டிகிரிக்கு மேல் குளிர்விக்கப் போதுமான வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அறையின் சூடு, விளக்கின் சூடு, மோட்டாரின் சூடு எல்லாம் திரும்ப உள்ளே ஏறுவதால், நீர்ப்பரப்பின் மேல் சின்ன மின்விசிறி வைத்தால் நடைமுறையில் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தொட்டிக்கு வாங்க வேண்டிய பொருள்களின் எல்லாப் பட்டியலிலும் முதலில் இருக்கும் ஹீட்டரை நம் ஊரில் வாங்காமல் விடலாம்.

எல்லாம் தயார். நீர் கண்ணாடிபோல இருக்கிறது. "இன்னிக்கே மீன் விடலாம் சார்" என்றார் ஒரு கடைக்காரர். விட்டேன். இரண்டும் நான்காம் நாள் செத்தன.

மீன் கழிக்கும் அம்மோனியா பெரும்பாலும் செவுள் வழியாகவே நீரில் கலக்கிறது. நீரில் அது இரண்டு வடிவில் இருக்கும்: ஒன்று நஞ்சு, இன்னொன்று அவ்வளவாகக் கெடுதல் செய்யாத அம்மோனியம் அயனி. எது எவ்வளவு என்பதை முடிவு செய்வது நீரின் பி.எச்., அதாவது அமில-காரத் தன்மையின் அளவு. பி.எச். 7 உள்ள நன்னீரில் நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. கடல் நீரின் பி.எச். 8.2 வாக்கில் இருக்கும், அங்கே அது ஏறத்தாழ பத்து மடங்கு. நன்னீர்த் தொட்டியில் மீன் தாங்கிக்கொள்ளும் அழுக்கு, உப்பு நீரில் அதைக் கொன்றுவிடும்.

இந்த நஞ்சைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் உண்டு. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும், அது பெரிதாகத் தொல்லை தராது. இப்படிக் கனிமங்களைக் கொண்டே பிழைக்கும் உயிர்கள் உண்டு என்று காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானி செர்கே வினோகிராட்ஸ்கி. அவர் 1890 வாக்கில் ஆராய்ந்தது மண்ணை. அதே வேலைதான் நம் தொட்டியின் கல்லிலும் ஃபில்டர் பஞ்சிலும் நடக்கிறது. சிக்கல் என்னவென்றால் இவை ஆமை வேகத்தில் பெருகுபவை. தயிர் பாக்டீரியா ஒரு மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகும், இவற்றுக்கு அரை நாள், ஒரு நாள்கூட ஆகும். நான்கிலிருந்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும்.

இரண்டாம் முறை மீன் விடாமல், பாக்டீரியாவுக்குத் தீனியாக அம்மோனியா வரட்டும் என்று ஒரு துண்டு இறாலைப் போட்டு அழுகவிட்டேன். நாற்றம் தாங்காமல் வந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதும் கேட்டாள்: "உறை ஊத்தாம தயிர் எப்படிடா தோயும்? ஏற்கெனவே வெச்சிருக்கறவங்க வீட்ல கொஞ்சம் உறை மோர் வாங்கிட்டு வா."

சரியான யோசனை. கொளத்தூரில் இருக்கும் நண்பரின் மூன்று வருடத் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி அழுக்குப் பஞ்சு வாங்கி வந்து என் ஃபில்டரில் வைத்தேன். சோதனைக் குப்பியில் அம்மோனியாவின் நிறம் ஏறி இறங்கியது, பிறகு நைட்ரைட் ஏறி இறங்கியது. மூன்றாவது வாரம் முடிவதற்குள் இரண்டும் பூஜ்யம். அந்தப் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசக் கூடாது. குளோரின் பட்டால் உறை செத்துப்போகும்.

மிஞ்சும் நைட்ரேட்டுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்து லிட்டரை எடுத்துவிட்டுப் புது உப்பு நீர் ஊற்றுகிறேன். பராமரிப்பில் பெரிய வேலை என்றால் அவ்வளவுதான்.

மீன் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோமாளி மீன்களைப் பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் உள்ள கடல் உயிரியல் ஆய்வு மையங்களில் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள், பண்ணையில் பிறந்ததா என்று கேட்டு வாங்கலாம். பவளமும் கடல்குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, அவற்றைத் தொடக் கூடாது. 'உயிர்க்கல்' என்று யாராவது நீட்டினால் அது பவளப்பாறையிலிருந்து பெயர்த்ததாக இருக்கலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு மூழ்கிப்போனதற்குப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததே முக்கியக் காரணம். நான் வைத்திருப்பது துளைகள் உள்ள செராமிக் கல், பாக்டீரியா குடியிருக்க அதுவே தாராளம்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். காலையிலேயே கரண்ட் போனது, மதியம் இன்வெர்ட்டரும் கைவிட்டது. நன்னீரைவிட உப்பு நீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே கரையும். மோட்டார் நின்றால் மேற்பரப்பு அசையாது, ஆக்சிஜன் உள்ளே போகாது. பாக்டீரியாவும் மீனும் இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனுக்குப் போட்டி போடும். பொழுது சாயும் நேரத்தில் என் கோமாளி மீன்கள் இரண்டும் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று வாங்கி வைத்திருக்கலாம். அம்மா சமையலறையிலிருந்து சொம்பை எடுத்து வந்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் தொட்டி நீரை மொண்டு, காபி ஆற்றுவதுபோல ஒரு முழ உயரத்திலிருந்து தொட்டியிலேயே ஊற்ற ஆரம்பித்தாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இருபது சொம்பு என்று இருவரும் முறை வைத்துக்கொண்டோம். விடிகாலை மூன்று மணிக்கு அவள் முறை வந்தபோது நான் தூங்கிவிட்டிருந்தேன். எழுந்து பார்த்தால் தரையெல்லாம் உப்புத் தண்ணீர், மீன்கள் அடியில் கல்லுக்குப் பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்தன.