புது பேட்டரி போட்டும் கார் ஸ்டார்ட் ஆகவில்லையா?

கோலாலம்பூர் செந்தூலில் கார்களின் மின்வேலை பார்க்கும் வயர்மேனாக இருக்கிறேன். காலை ஏழு மணிக்கு முன்னால் போன் அடித்தால் அநேகமாக ஒரே பேச்சுதான்: “அண்ணே, காடி ஸ்டார்ட் ஆகல, ஒரு பேட்டரி கொண்டாங்க.” என்ன கோளாறு என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், மருந்து மட்டும் முடிவாகியிருக்கும். பேட்டரியை மாட்டிக் காசு வாங்குவது எனக்குச் சுலபம். ஆனால் அளந்து பார்க்காமல் பேட்டரி விற்பதை நான் விட்டு ரொம்ப வருடமாகிறது. அதற்குக் காரணம் ஓர் அக்கா.

ஜாலான் ஈப்போ பக்கம் பசியாறக் கடை நடத்துகிறவர். விடியற்காலை மூன்றரைக்கெல்லாம் செலாயாங் பாசார் போரோங் மொத்தச் சந்தையில் காய்கறி வாங்கப் போய்விடுவார். பழைய புரோட்டோன் சாகா. ஆறு மாதத்தில் இரண்டு புது பேட்டரி போட்டிருந்தார்கள், வேறு ஒரு கடையில். அன்றும் சந்தை வாசலில் கார் படுத்துவிட்டது. “தம்பி, பேட்டரி புதுசுப்பா. இன்னொன்னு வாங்க எங்கிட்ட காசில்ல” என்றார்.

சாவியைத் திருப்பச் சொன்னேன். ஒரே ஒரு ‘டக்’. அப்புறம் ஒன்றுமில்லை. ஆனால் முன்விளக்கு பிரகாசமாக எரிந்தது. பேட்டரியில் மீட்டரை வைத்தேன்: 12.5 வோல்ட். மறுபடி திருப்பியபோதும் 12-ஐ விட்டுப் பெரிதாக இறங்கவில்லை. இதுதான் துப்பு. இன்ஜினை முதலில் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கிற சாமான். அது ஒழுங்காகச் சுற்றினால் வோல்ட் 10, 11 என்று இறங்கத்தான் வேண்டும். இறங்கவே இல்லையென்றால் மின்சாரம் அங்கே போய்த் திரும்பவில்லை என்று அர்த்தம்.

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மற்றதை இன்ஜினின் வெறும் இரும்பிலும் வைத்தேன். சாவி திருப்பும்போது இந்த இரண்டுக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. ஆறுக்கு மேல் காட்டியது. இன்ஜினிலிருந்து மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் கேபிள் உறைக்குள்ளேயே பச்சை பூத்து உளுத்துப் போயிருந்தது. விளக்குகளுக்குப் பாடியில் தனி எர்த் இருந்ததால் அவை எரிந்தன. ஜம்பர் கேபிளின் கறுப்பு வயரை நெகட்டிவிலிருந்து நேரே இன்ஜினுக்குக் கொடுத்தேன். ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. ஒரு கேபிள் மாற்ற வேண்டிய இடத்தில் இரண்டு பேட்டரிக் காசு போயிருந்தது. அந்த அக்கா எத்தனை நாள் விற்றுச் சேர்த்த காசு அது!

அதனால்தான் முதலில் காதைக் கொடுங்கள் என்கிறேன். ‘டக்டக்டக்’ என்று படபடத்து டாஷ்போர்டு விளக்கு மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது முனைகள் தளர்ந்திருக்கும். முனையில் வெள்ளைத் தூள் பூத்திருந்தால் சுரண்டி இறுக்கினாலே பல கார்கள் ஓடிவிடும். ஒரு ‘டக்’ மட்டும் என்றால் எர்த், ஸ்டார்ட்டர், சில நேரம் பேட்டரியும்கூட. சத்தமே இல்லாமல் விளக்கு மட்டும் நன்றாக எரிந்தால் ஆட்டோ கியரை N-இல் வைத்துத் திருப்பிப் பாருங்கள். பட்டன் ஸ்டார்ட் என்றால் பிரேக் மிதிக்கும்போது பின்விளக்கு எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் ஜோராகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? அது பேட்டரி வேலையே இல்லை. பெட்ரோல் பம்ப், இக்னிஷன், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

ஒரு சாதாரண மீட்டர் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12 என்றால் கிட்டத்தட்டக் காலி. இன்ஜின் ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் நடுவே இருக்க வேண்டும். 13-ஐக்கூடத் தொடவில்லையென்றால் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. அப்போது நீங்கள் எத்தனை பேட்டரி போட்டாலும் சில நாளில் இறங்கிவிடும். நம் ஊர் வெயிலில், பானெட் சூட்டில், ஒரு பேட்டரி இரண்டு வருடம் தாண்டினாலே நல்ல ஆயுள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அதிகம் பார்ப்பது டாஷ்கேம், அதாவது சாலையைப் படம் பிடிக்கும் கேமராவின் தொல்லை. எப்போதும் மின்சாரம் இருக்கிற வயரில் அதை இணைத்துவிடுகிறார்கள். கார் பூட்டிக் கொஞ்ச நேரமானதும் மொத்த இழுப்பு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நல்லது. அது 300 ஆனால், ஒரு நாளைக்கு 7 ஆம்பியர் ஹவர் போகிறது. சின்னக் காரின் பேட்டரி 35, 45 தான். காரை விமான நிலையத்தில் விட்டு இரண்டு வாரம் தமிழ்நாடு போய் வந்தால் என்ன ஆகும், கணக்கு நீங்களே போடலாம்.

ஒரு பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஆல்டர்னேட்டர் நல்லதா என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றுவது. கார்புரேட்டர் காலத்துக் கார் தாங்கியிருக்கலாம். இன்றைய காரில் அந்த நொடியில் எகிறும் வோல்ட் கம்ப்யூட்டரையே சுட்டுவிடும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஆம்பியர் போடுவதும் அப்படித்தான். அடுத்தது வயர் எரியும்.

இன்னொரு காரின் பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுக்கும்போது கடைசிக் கறுப்பு கிளிப்பை இறங்கிய பேட்டரியில் மாட்டாமல், அந்தக் காரின் இன்ஜின் இரும்பில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது. மழை வெள்ளத்தில் நின்ற கார் என்றால் ஜம்ப் பேச்சே வேண்டாம், சாவியையே தொடாதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் இன்ஜினே உடைந்துவிடும்.

அப்புறம், எந்த வயர்மேனைக் கூப்பிட்டாலும் என்ன சத்தம் வந்தது, விளக்கு எப்படி எரிகிறது, பேட்டரி எப்போது போட்டது என்று சொல்லுங்கள். “ஒரு டக், விளக்கு நல்லா எரியுது, பேட்டரி போன மாசம் போட்டது” என்று யாராவது சொன்னால், நான் எர்த் கேபிளும் உப்புத்தாளும் மீட்டரும் எடுத்துக்கொண்டுதான் கிளம்புவேன்.