ஈருணர்வு: ‘ஆம்பிவலன்ஸ்’ என்ற சொல்லுக்கு நேர் தமிழ்

நெடுநாள் படுக்கையில் கிடந்த தாயைப் பார்த்துக்கொண்ட ஒருவர், தாய் இறந்த அன்று கதறி அழுகிறார். அதே மனத்தின் ஒரு மூலையில் ‘அப்பாடா, இனி அவருக்கு வலி இல்லை’ என்ற நிம்மதியும் இருக்கிறது. அந்த நிம்மதியை வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கூச்சம். நிம்மதி இருந்தால் துக்கம் பொய்யாகிவிடுமோ என்று தன்னையே சந்தேகப்படுகிறார். இரண்டும் மெய்தான். இந்த நிலையைக் குறிக்க நாம் கடன் வாங்கிப் புழங்கும் சொல் ‘ஆம்பிவலன்ஸ்’.

இந்தச் சொல் பழையது அல்ல. சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் 1910இல் ஜெர்மன் மொழியில் இதை உருவாக்கினார். லத்தீனில் ‘ஆம்பி’ என்றால் இருபுறமும். ‘வாலென்ட்டியா’ என்றால் வலிமை. வேதியியலில் நாம் ‘இணைதிறன்’ என்று படித்தோமே, அதன் ஆங்கிலக் கலைச்சொல்லான ‘வேலன்சி’க்கும் இதே வேர்தான். ஆக, நேர்ப்பொருள் இருபுறமும் வலிமை. ஆனால் பிளாய்லர் இதை மனச்சிதைவு நோயின் அறிகுறிகளில் ஒன்றாகத்தான் முன்வைத்தார். அடுத்து ஃபிராய்டு, ஒரே ஆளிடம் அன்பும் வெறுப்பும் சேர்ந்திருப்பதைக் குறிக்க இதை எடுத்துக்கொண்டார். பிறகு பேச்சுவழக்கில் ‘முடிவெடுக்கத் தெரியாத நிலை’ என்று பொருள் தேய்ந்தது. நோயின் வாடையும் தயக்கத்தின் வாடையும் இந்தச் சொல்லை விட்டு இன்னும் போகவில்லை. எனக்கு இதில் இருக்கும் குறை அதுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘இருமனம்’ என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ‘இருமனப் பெண்டிர்’ என்று குறள் சொல்லும்போது அங்கே பொருள் வஞ்சகம். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. துக்கமும் நிம்மதியும் ஒருசேர உணர்பவர் யாரையும் ஏமாற்றவில்லை. ‘இருதலைக்கொள்ளி எறும்பு’ எந்தப் பக்கம் போவது என்று தெரியாத தவிப்பு, அதுவும் வேறு. ‘கலவையான உணர்வு’ பரவாயில்லை. ஆனால் கலவை என்றால் பாலில் கரைந்த நீர்போலப் பிரித்தறிய முடியாமல் போவது நினைவுக்கு வருகிறது. இங்கே இரண்டும் தனித்தனியே தெரிகின்றன.

அதனால் நான் ‘ஈருணர்வு’ என்பேன். உயிரெழுத்துக்கு முன் இரண்டு என்பது ‘ஈர்’ ஆகும், ஈருயிர், ஈராண்டு போல. ‘இருஉணர்வு’ என்று எழுத வேண்டாம்.

சொல் புதிதாக இருக்கலாம், பொருள் நமக்குப் புதிதல்ல. புறநானூற்றின் 277ஆம் பாட்டில், மகன் போரில் யானையை வீழ்த்தி மாண்டான் என்று கேட்ட முதிய தாய்க்கு, அவனைப் பெற்ற நாளைவிடப் பெரிய உவகை. அவள் கண்ணீரோ மூங்கிலில் தொங்கும் மழைத்துளிகளைவிட அதிகம். பாடிய பூங்கண் உத்திரையார் இரண்டையும் அளந்து காட்டுகிறார். ஒன்றுக்காக மற்றொன்றைக் குறைக்கவில்லை.

எல்லோரும் அந்தத் தாயைப்போல உணர்வதில்லை என்பதுதான் இன்றைய உளவியல் துருவும் விஷயம். இன்பமும் துன்பமும் ஒரே கோலின் இரு முனைகள், ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்பது ஒரு பார்வை. இரண்டும் தனித்தனி அளவைகள், சேர்ந்தும் ஏறலாம் என்று 1994இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஜான் கசியோப்போவும் கேரி பெர்ன்ட்சனும் வாதிட்டார்கள். ஒருவரிடம் நாளுக்குப் பலமுறை ‘இப்போது மகிழ்ச்சி எவ்வளவு, வருத்தம் எவ்வளவு’ என்று கேட்டுக் குறித்துவந்தால் அவருடைய இயல்பு தெரியும். சிலருக்கு ஒன்று கூடும்போது மற்றது உடனே குறைகிறது. சிலருக்கு அப்படி ஒரு தொடர்பே தெரிவதில்லை. ஈருணர்வின் அளவுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: இரண்டு மதிப்பெண்ணில் சிறியதை எடுப்பது. மகிழ்ச்சி 5, வருத்தம் 3 என்றால் ஈருணர்வு 3. இரண்டில் ஒன்று சுழியாக இருந்தால் ஈருணர்வும் சுழி.

வயதுக்கும் இதில் பங்குண்டு. எதிரெதிரான இரண்டு உணர்வு ஒரே சமயத்தில் இருக்க முடியும் என்பதையே சிறு குழந்தைகள் ஒப்புக்கொள்வதில்லை. ‘முதலில் அழுகை, அப்புறம் சந்தோஷம்’ என்று வரிசைப்படுத்தித்தான் சொல்வார்கள். பெரியவர்களுக்கும் அது மிக விரைவான மாறிமாறி வருதல்தானா, அல்லது உண்மையிலேயே ஒருசேர நிகழ்வதா என்ற வாதம் அறிஞர்களிடையே முடியவில்லை. மாறிமாறி வருவதற்கு ‘ஊசலாட்டம்’ என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. அதை அதற்கே வைத்துக்கொள்ளலாம். முடிவெடுக்க முடியாததற்குத் ‘தடுமாற்றம்’ போதும். ‘அம்மா போன அன்று எனக்கு ஈருணர்வாக இருந்தது’ என்று ஒருவர் சொன்னால், அவர் ஊசலாடவும் இல்லை, தடுமாறவும் இல்லை.